அமலியை அழவிடக் கூடாது

1982 ஜூன் 14, திங்கள்

கஞ்சிக் கிண்ணத்தை அமலி மறுபடியும் போட்டு உடைத்தாள். பீங்கான். கல்யாணத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த ஆறில் இப்போது மூன்றுதான் மீதி. தரையெல்லாம் கஞ்சி. அதிலேயே காலை வைத்து, அந்தக் காலோடு கூடம் முழுக்க நடந்து, நான் வருவதற்குள் ஈ மொய்த்துவிட்டது. துடைக்கும்போது எனக்கு ஓங்கரித்தது. அவள் வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எச்சில் வழியுமா?

யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தக் குழந்தையைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முப்பத்துநாலு வயதில், மனைவியை இழந்தவருக்குக் கழுத்தை நீட்டியவள் நான். கல்யாணமாகி எட்டு மாதம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் மொத்தமும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, லூர்துராணி எப்போது கொடுமைக்காரச் சித்தி ஆவாள் என்று.

ஜூன் 15

என் முதுகுக்குப் பின்னால் அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் டெலிபோன். "அப்பா, டெலிபோன் வந்தாச்சு." அவர் சிரிக்கிறார்.

ஜூலை 3, சனி

எனக்கு இன்று மதிய ஷிஃப்ட். காலையில் வெந்நீருக்குக் கரியடுப்பை ஊதச் சொன்னேன். ஊதாங்குழலை வாயில் வைத்து ஒழுங்காகத்தான் ஊதினாள். பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். குழல் கையிலிருந்து நழுவி விழுந்தது. "எடுடி" என்றேன். எடுக்கவில்லை. வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். திமிர் என்று நினைத்தேன். அறைந்தேன்.

அழுதாள். அழ அழ வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ சொன்னாள், வார்த்தை குழைந்து கூழாக வந்தது. அப்படியே சுவரோடு சரிந்தாள். பாவாடை நனைந்தது. மூத்திர நாற்றம், கரிப்புகை, அவள் மூக்கில் வடிந்தது — எல்லாம் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காதவள் போல எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினாள்.

நடிப்பா? நடிக்கிறவள் பாவாடையை நனைத்துக்கொள்வாளா?

சாயந்தரம் அவரிடம் சொன்னேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், எந்த இயந்திரம் நின்றாலும் ஏன் என்று தெரியாமல் விடமாட்டார் என்று பெயர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது கொஞ்ச நாளாவே அப்படித்தான்," என்றார்.

"எத்தனை நாளா?"

"அவ அம்மா போனதுலேர்ந்து."

அவள் அம்மா போய் மூன்று வருடம். மூன்று வருடமாக ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 11, ஞாயிறு

பூசை முடிந்து அவருடைய அக்கா சகாயம்மாள் வந்தார்கள். தட்டில் மீன் வறுவல் எத்தனை விழுகிறது என்பதிலேயே கண். சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்கள்: "இது ஒடம்புக்கு வந்தது இல்ல ராணி. செத்தவ போக மனசில்லாம புள்ளைய புடிச்சிட்டு நிக்கிறா. தொட்டியம் பக்கத்துல ஒரு ஜெபக்காரர் இருக்காரு. ஒரே நாள்ல எறக்கிடுவாரு."

"ஃபாதர் அங்கெல்லாம் போகக் கூடாதுன்னு பிரசங்கத்திலயே சொன்னாரே, அண்ணி."

"ஃபாதருக்குப் புள்ளையா குட்டியா?"

இதெல்லாம் அமலி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். வெகு கவனமாக.

ஜூலை 19

மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதிவிட்டார். வலிப்பாம். குழந்தையைத் தொடக்கூட இல்லை. அழுதால்தான் வருகிறது, ஊதினால்தான் வருகிறது என்றேன். "அம்மா, டாக்டர் நீங்களா நானா?" என்றார். நகத்தில் வெற்றிலைக் கறை.

ஆகஸ்ட் 9

மாத்திரை அவளைத் தூங்கவைக்கிறது. கை விழுவது நிற்கவில்லை. இப்போது தூங்கி வழிந்துகொண்டே விழுகிறது.

இன்று ஸ்கூலில் கூப்பிட்டு விட்டார்கள். மாதா திருநாளுக்குப் பாட்டுப் பயிற்சி. நாலு பாட்டு முடிந்தால் அமலோற்பவம் — ஸ்கூலில் அமலிக்கு முழுப் பெயர்தான் — பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கோணல் வாயோடு நிற்கிறாளாம், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "இது கவனத்தை இழுக்கிற நடிப்பு. அம்மா இல்லாத பிள்ளைகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்," என்றார் பாட்டு டீச்சர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் அடிப்பதை ஊரே கேட்டிருக்கிறது போல.

முழங்கால் போட வைத்திருக்கிறார்கள். இரண்டு முழங்காலிலும் மணல் பதிந்த தழும்பு.

ச்சீ. எல்லோரும்தான். நானும்தான்.

ஆகஸ்ட் 20

ஒரு காரியம் செய்தேன். எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் செய்யாததாகிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஒவ்வொரு வெளியூர் டிரங்க் காலுக்கும் டிக்கெட் சீட்டில் ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் குறிப்பேன். பதினோரு வருடப் பழக்கம். அதே மாதிரி இந்த ஒரு மாதமாக அமலிக்கும் குறித்து வைத்திருக்கிறேன். ஏழு தடவை. ஏழுக்கும் முன்னால் அழுகை, பாட்டு, ஊதல், இல்லையென்றால் மூச்சிரைக்க ஓட்டம். சும்மா இருக்கும்போது ஒரு தடவைகூட இல்லை.

இன்று அவர் வேலைக்குப் போனபின், அடுப்பில் நெருப்பே இல்லாமல், "ஊது" என்றேன். "எதுக்கு சித்தி?" என்றாள். "ஊதுன்னா ஊது." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம், ஒன்றரை. அவள் கண் என் கண்ணையே பார்க்கிறது. இரண்டாவது நிமிஷம் குழல் விழுந்தது.

நான் நினைத்தது சரி என்று ஒரு சந்தோஷம் வந்தது பார், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு குழந்தையின் கையை விழ வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த டாக்டர், அந்த டீச்சர், அண்ணி — இவர்களையெல்லாம் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

செப்டம்பர் 2

பக்கத்து போர்டு வஹீதாவிடம் மட்டும் சொன்னேன். தென்னூரில் இருக்கிறாள். அவள் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டர் பார்த்தாராம், நரம்பு வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். "பேச விட்டுக் கேட்பாருக்கா. அதுவே பெரிசு."

செப்டம்பர் 4, சனி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்தில் அமலி ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஸ்ரீரங்கராஜன். வீட்டு முன்னறையில்தான் பார்க்கிறார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "கொழந்தை வாடிப் போயிருக்கே, தீர்த்தம் தரட்டுமா?" என்று கேட்டார். அமலி விழித்தாள், கோயில் தீர்த்தம் என்று நினைத்துவிட்டாள். வந்தது ஒரு டம்ளர் குடிதண்ணீர்.

நான் குறித்து வைத்திருந்த தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். கடைசி வரியில், ஆகஸ்ட் இருபதில் விரலை வைத்து, "இது நீங்களே செஞ்சு பாத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். தலைகுனிந்தேன். "இனிமே செய்யாதீங்கோ," என்றார், கோபமில்லாமல். கழுத்தின் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம்.

"வலிப்பு மாதிரி தெரியலம்மா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கும்னு தோணறது. பெரிய குழாய் அடைபட்டா சின்னச் சின்னக் குழாய்கள் அந்த வேலையை எடுத்துண்டு எப்படியோ ஒப்பேத்தும். ஆனா வேகமா மூச்சு விட்டா அந்தச் சின்னதெல்லாம் சுருங்கிடும். அப்போ அந்தப் பக்கத்து மூளை பட்டினி."

"அழுதா?"

"அழறதும் வேக மூச்சுதானே."

"நான் அடிச்சதால வந்ததா?"

"அடிச்சு வர்ற வியாதி இல்லை. ஆனா அழவெச்சா ஒரு நாள் போன கை திரும்பி வராது. மெட்ராஸ்ல படம் எடுத்துப் பாக்கணும். கடுதாசி தரேன். அதுவரைக்கும் இவளை அழவிடக் கூடாது."

அழவிடக் கூடாது. என்னிடம் சொல்கிறார்.

செப்டம்பர் 12

ஒன்பது வயதுப் பெண்ணை அழவிடாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று அந்த டாக்டருக்குத் தெரியாது. இரண்டே நாளில் அமலி கண்டுபிடித்துவிட்டாள். "அழுதுடுவேன்" என்கிறாள், விரலை ஆட்டி. ரிப்பன் வேண்டும், அழுதுடுவேன். பாகற்காய் வேண்டாம், அழுதுடுவேன். நேற்று நான் ஹெட்செட்டில் கேட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மிரட்டினாள்: மணப்பாறைக்காரர் ஒருவர் மாட்டு விலையை மெட்ராஸ் வக்கீலிடம் பேசிய கதை. எத்தனை தடவை. குட்டிச் சனியன்.

சாம்பாரை நான் ஊதி ஆற்றிக் கொடுக்கிறேன். என் எச்சில் காற்று பட்டதை அவள் சாப்பிடுகிறாள். இரண்டு பேருமே முகத்தைச் சுளித்துக்கொள்கிறோம்.

செப்டம்பர் 18

மெட்ராஸ் போக லீவு கேளுங்கள் என்று அவரிடம் ஐந்தாவது தடவையாகச் சொன்னேன். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அவருக்கு நாற்பத்தொரு வயது.

செப்டம்பர் 26, ஞாயிறு

எனக்கு இன்று காலை ட்யூட்டி. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பூட்டு. பக்கத்து வீட்டம்மாள், "உங்க நாத்தனார் வந்து கூட்டிட்டுப் போனாங்க, அப்பாவும்தான்," என்றாள். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்துப் பயந்தாள்.

ஐந்து மணிக்கு டாக்ஸியில் வந்தார்கள். அவர் மடியில் அமலி. வலது பக்கம் முழுதும் துணி மாதிரி. கண் செக்கச்செவேல் என்று. தலைமுடியில் மிளகாய் நெடி — மிளகாய்ப் புகை போட்டிருக்கிறார்கள். அந்த ஜெபக்கார நாய். மூடிய அறையில் குழந்தையை உட்கார வைத்து, நெருப்பில் மிளகாயைக் கொட்டி, "கத்து, கத்திக்கிட்டே வெளிய போ"ன்னு — அவ கத்தியிருக்கா, ஒரு மணி நேரம் கத்தியிருக்கா, கத்தக் கத்த இவங்க ஸ்தோத்திரம் சொல்லியிருக்காங்க —

அண்ணி என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஆவி போகும்போது அப்படித்தான் துவளும். காலைல எழுந்துடுவா."

நான் அவர்களைத் தள்ளினேன். கதவு நிலையில் மோதினார்கள். பெரியவங்கள கை வைக்கிறா என்று அலறினார்கள். அமலியைத் தூக்கிக்கொண்டு அதே டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செப்டம்பர் 28

பெரியாஸ்பத்திரி குழந்தைகள் வார்டு. அவளுக்கு நினைவு இருக்கிறது. பேச்சு இல்லை. வாயைத் திறக்கிறாள், ஒன்றும் வராததைப் பார்த்து அவளே திடுக்கிடுகிறாள். அழப் போகிறாள் என்று தெரிந்தால் நான் உடனே கோமாளித்தனம் பண்ணுகிறேன். பக்கத்துக் கட்டிலில் பேதி. தரையில் ஃபினாயிலும் பேதியும் கலந்து ஓடுகிறது. அதில் நின்றுகொண்டு மணப்பாறை மாட்டுக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறேன்.

அவர் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். நான் கேட்டேன்: "உள்ள அந்த ரூம்ல நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"என்ன பண்ணீங்க?"

"கைய புடிச்சுக்கிட்டேன். துள்ளாம."

அந்தக் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் ஒர்க்‌ஷாப் மசகு. திரும்பி அமலியிடம் போனேன்.

அக்டோபர் 1

ஸ்ரீரங்கத்து டாக்டர் தானாகவே வந்து பார்த்தார். இங்குள்ள டாக்டரிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். தலையணையை எடுத்துவிட்டார்கள். சமமாகப் படுக்க வைக்கணும், உடம்பில் தண்ணீர் குறையவே கூடாது, ரத்த அழுத்தம் இறங்கக் கூடாது. மிச்சம் இருக்கும் சின்னக் குழாய்களுக்கு அதுதான் பிழைப்பாம். ஒரு மணிக்கு ஒரு தரம் ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கிறேன். பாதி என் மடியில்தான் வழிகிறது.

அக்டோபர் 7

பேசிவிட்டாள்!

ஆஸ்பத்திரிக் கஞ்சியை வாயில் வைத்தேன். துப்பினாள். "ச்சீ" என்றாள். தெளிவாக. பதினோரு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி ஊட்டினேன். மறுபடி "ச்சீ". என் சேலை முழுக்கக் கஞ்சி. அப்படியே உட்கார்ந்து சிரித்தேன், மற்றக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

நவம்பர் 8, திங்கள்

வைகை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ். அவரும் வந்தார். அமலி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கால் அவர் மடியில். காலை அமுக்கிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 16

நேற்றுப் படம் எடுத்தார்கள். மயக்கம் கொடுத்து, தொடையில் ஊசி வழியாக மருந்து விட்டு, அது தலைக்குப் போகும்போது எக்ஸ்ரே. இன்று சர்ஜன் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஐம்பது வயது இருக்கும், கறாரான ஆள்.

"இது கழுத்துலேர்ந்து மூளைக்குப் போற பெரிய குழாய். இங்க வரைக்கும் வருது. இதுக்கப்புறம் தேடுங்க."

தேடினேன். இல்லை.

"மூடியிருக்கு. இந்தப் பக்கம் முழுசா, அந்தப் பக்கம் முக்கால்வாசி. தன்னாலயே வருஷக்கணக்கா மூடிக்கிட்டு வந்திருக்கு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப இவ்வளவு நாள் எப்படி..."

"இதோ." அடைப்புக்குப் பக்கத்தில் ஒரு கலங்கல். உற்றுப் பார்த்தால் அத்தனையும் நூல் நூலாகக் குழாய்கள். "பெரிசு மூட மூட உடம்பே இத வளத்துக்குது. அப்புறம் பின்பக்கத்துலேர்ந்து கொஞ்சம் வருது. கண்ணு வழியா கொஞ்சம். ஜப்பான்ல இந்த வியாதிக்கு வச்சிருக்கிற பேருக்கே புகைன்னுதான் அர்த்தம்."

புகை என்ற சொல்லைக் கேட்டதும் அமலியின் முடியில் அடித்த மிளகாய் நெடிதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு என்ன தெரியும்.

ஆனால் புரிந்தது. எக்ஸ்சேஞ்சில் மெட்ராஸ் நேர் லைன் செத்துவிட்டால் நாங்கள் மதுரை வழியாகப் போடுவோம், அதுவும் இல்லையென்றால் சேலம் வழியாக. இரைச்சலாக இருக்கும், பாதி வார்த்தை விழாது, ஆனாலும் பேசிவிடலாம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டால்தான் எல்லாம் அறுந்துபோகும். மூன்று வருடமாக இந்தப் பெண்ணின் தலைக்குள் யாரோ அப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாங்கள் வெளியே நின்று நடிப்பு என்று அடித்திருக்கிறோம்.

சர்ஜன் சொன்ன ஆபரேஷன்: காதுக்கு மேலே தலைத்தோலில் ஓடுகிற ரத்தக் குழாயை வெட்டாமல் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் ஜன்னல் மாதிரி திறந்து, மூளை மேலேயே படிய வைத்துத் தைத்துவிடுவது. பசியில் இருக்கிற மூளை அதிலிருந்து தானே புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளுமாம். மாதக்கணக்கில்.

"நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, சார்?"

"ரெண்டு."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"ஒருத்தன் ஸ்கூலுக்குப் போறான்."

"இன்னொருத்தர்?"

படத்தை உறையில் போட்டார். "பொண்ணு. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் ரொம்ப அழுதா. எங்களால நிறுத்த முடியல." உறையை மூடி, "போயிட்டா," என்றார்.

பொய் சொல்லாத முதல் ஆள்.

நவம்பர் 18

"அக்காவுக்கு ஒரு டிரங்க் கால் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"போடுங்க," என்றேன். "நம்பர் கூட நானே வாங்கித் தரேன். ஆனா அந்தப் போனை நீங்க எடுத்தீங்கன்னா, இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து நானும் அவளும் பொன்மலைக்கு வரமாட்டோம். உங்க புள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன்னு போலீஸ்ல சொல்லிக்குங்க."

எங்கே போயிருப்பேன்? தெரியாது. வாயிலிருந்து வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடத் தெரியாமல் மூடினார்.

நவம்பர் 23

நாளைக்கு. அமலியிடம் என்ன சொல்வது என்று சிஸ்டர்கள் ஆளுக்கொரு பொய் வைத்திருந்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். தலையில் பாதிக்கு மொட்டை, தையல், வலிக்கும், ஆனால் அழக் கூடாது.

"ரொம்ப வலிச்சா?" வார்த்தை இன்னும் தடுக்கித் தடுக்கித்தான் வருகிறது.

"என் கைய கடி."

யோசித்தாள். "அழுக்கா இருக்குமே," என்றாள்.

நவம்பர் 25

ஐந்தரை மணி நேரம். உயிரோடு இருக்கிறாள்.

வலி தெரிய ஆரம்பித்ததும் உதடு பிதுங்கியது. மூக்கு விடைத்தது. கையைக் கொடுத்தேன். கடித்தாள். மூக்கால் மெதுவாக, மெதுவாக, நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு. ஸ்ரீரங்கத்து டாக்டர் சொல்லிக்கொடுத்தது. என் கணவரும் இந்தப் பக்கம் நின்று எண்ணினார். எவ்வளவு நேரம் எண்ணினோம் என்று தெரியவில்லை. அவள் அழவில்லை.

அப்புறம் வாந்தி. ஆயா வரவில்லை. அவர் தன் வேட்டி முனையால் வாயைத் துடைத்து, இரண்டு கையாலும் வாந்தியை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். மறுபடி அள்ளினார். அந்தக் கைகளை நான் மன்னிக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 19

பொன்மலை. பாதித் தலையில் முள் முள்ளாக முடி. கண்ணாடி பார்த்து, "தேங்காய்," என்றாள்.

1983 மார்ச் 7

வலது கையால் பென்சில் பிடிக்க வருகிறது, எழுத வரவில்லை. இடது கைக்கு மாறிவிட்டாள். பாட்டு டீச்சர் இடது கையால் எழுதுவது நல்லதில்லை என்றாராம். நான் ஸ்கூலுக்குப் போய், எல்லா டீச்சர்களும் இருந்த அறையில் வைத்து, மெட்ராஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்து பெரிய குழாய் முடிந்துபோகும் இடத்தைக் காட்டினேன். ஒருவர் மட்டும் டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவர்கள் டம்ளரில் குடிக்க மனம் வரவில்லை.

மே 20

கோடை லீவில் மறுபக்கமும் ஆபரேஷன் செய்தாயிற்று. இந்தத் தடவை என்னைக் கடிக்கவில்லை. அவரைக் கடித்தாள்.

டிசம்பர் 12

மறுபடி மெட்ராஸ், மறுபடி படம். சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன வருடம் நூல் போல இருந்த தலைத்தோல் குழாய், இப்போது தடித்து, மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய், நாற்று வேர் விட்ட மாதிரி எல்லாப் பக்கமும் இறங்கியிருக்கிறது. புகை கொஞ்சம் மெலிந்திருக்கிறது. இனி அதற்கு வேலை குறைவு.

"இதை நாங்க வளக்கல," என்றார். "பக்கத்துல கொண்டுபோய் வச்சோம். அவ்வளவுதான்."

"இனிமே அழலாமா, சார்?"

அந்த ஆள் சிரித்து இப்போதுதான் பார்த்தேன். "தாராளமா."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். திடும் திடும் என்று துடிக்கிறது. "கூசுது, எடு," என்றாள்.

1984 ஜனவரி 15

பொங்கல். அண்ணி வந்தார்கள், ஒன்றேகால் வருடம் கழித்து, கூட நாலு பெண்களை அழைத்துக்கொண்டு. அமலியின் தலையைத் தடவி அவர்களிடம் சொன்னார்கள்: "தொட்டியத்துல அன்னிக்கு ஜெபம் பண்ணாங்கல்ல, அப்பவே கர்த்தர் விடுதலை குடுத்துட்டாரு. ஆபரேஷன்லாம் சும்மா."

என் உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவர் எழுந்தார். "அக்கா," என்றார். "அந்த ரூம்ல நான் இருந்தேன். நீ இந்த வீட்டுக்கு இனி வராத." சத்தம் போடவில்லை. பொங்கல் தட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

அவர்கள் போனபின் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

1984 மே 6, ஞாயிறு

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினேன். அமலி வந்து, சிநேகிதிகளோடு முக்கொம்புக்கு பிக்னிக் போகணும் என்றாள். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவளுக்கு பிக்னிக் கிடையாது என்றேன். ஆரம்பித்தாள். நான் ஒண்ணும் அவள் அம்மா இல்லையாம். நான் டெலிபோனாம். எல்லாச் சித்திகளும் இப்படித்தானாம். கதவை அறைந்தாள். உள்ளே போயும் ஓலம். அக்கம்பக்கமெல்லாம் கேட்டிருக்கும். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மூக்கை என் துவைத்த சேலையில் துடைத்துக்கொண்டு போனாள், வேண்டுமென்றே.

மாங்காய்க்கு உப்பைப் பிசறும்போதுதான் எனக்கு உறைத்தது. அரை மணி நேரமாகக் கத்துகிறாள். கை விழுகிறதா என்று நான் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இதை எழுதும்போது உள்ளே இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். என்ன அசிங்கமான சத்தம்.